முன்வீல் ஷாஃப்ட் கழன்ற மினி டிராக்டரை நாமே சரிசெய்வது

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான ஃபோர்வீல் லீவரைப் போட்டாயிற்று. தொழியில், அதாவது தண்ணீர் கட்டிய சேற்று வயலில், பின்சக்கரம் இரண்டும் வழுக்கிச் சுற்றுகின்றன, முன்சக்கரம் அசையவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் முதல்போக உழவு தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு இந்தப் புகார்தான் அதிகம் வரும். “அண்ணே, முன்னாடி கியர் போயிருச்சு” என்றுதான் போனில் சொல்வார்கள். பெரும்பாலும் கியர் ஒன்றும் போயிருக்காது. கியர்பாக்ஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்கு ஓடும் ஷாஃப்ட் ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கும். பின்னைத் தட்டி எடுக்கும் உளி மாதிரியான பின் பஞ்ச், சுத்தி, ஜாக்கி, கூட ஓர் ஆள் இருந்தால் களத்துமேட்டிலேயே முடிக்கக்கூடிய வேலை இது. ஆனால் ஏன் கழன்றது என்று பார்க்காமல் மாட்டினால் அதே போகத்திலேயே மறுபடி கழலும். அதனால் மாட்டுவதைவிடக் காரணம் தேடுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வது 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சின்ன வண்டிகளைப் பற்றி. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டவேட்டர் ஓட்டுவது இந்த வண்டியில்தான், அப்புறம் கீழே இறங்கி நெல்வயலில் தொழி உழுவதும் இதில்தான். பெரிய டிராக்டர் தன் எடையாலும் டயர் அகலத்தாலும் சேற்றைச் சமாளித்துவிடும். இது எடை குறைந்த வண்டி. முன்சக்கரம் இழுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸின் முன்பக்கத்திலிருந்து முன் ஆக்ஸில் வரை ஒரு குழாய் போகும். அது வெறும் கவர். அதற்குள்தான் ஷாஃப்ட் இருக்கிறது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். ஸ்ப்ளைன் என்பது இந்தப் பல்லைத்தான். கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலும், முன் ஆக்ஸிலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் முனையிலும் இதே போலப் பல் இருக்கும். எதிரெதிரே நிற்கும் இரண்டு பல் முனைகளையும் சேர்த்துப் போர்த்துகிற குட்டை உருளைக்குக் கப்ளிங் என்று பெயர். கப்ளிங்கையும் உள்ளிருக்கும் ஷாஃப்ட்டையும் குறுக்கே துளைத்து ஒரு துளை, அதற்குள் ஒரு ஸ்பிரிங் பின். தகட்டைச் சுருட்டிய மாதிரி, நீளவாக்கில் ஒரு பிளவோடு இருக்கும் பின் அது. ரோல் பின் என்றும் கடையில் கேட்கலாம்.

இழுக்கும் சுமை முழுவதையும் தாங்குவது பல். பின்னுக்கு அந்த வேலை கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள் போல, கப்ளிங் முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் காரணம் தானாகவே புரிந்துவிடும். பின் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால், அது தாங்க வேண்டியில்லாத சுமை அதன் மேல் ஏறியிருக்கிறது. அந்தச் சுமையை இறக்கிவைத்தது தேய்ந்துபோன பல்.

சில வண்டிகளில் கப்ளிங்குக்குப் பதிலாக, சிலுவை வடிவ இரும்பை நடுவில் வைத்து இரண்டு கவைகளை (யோக்) இணைக்கும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கும். அதில் கழல்வது ஃபிளாஞ்ச் போல்ட்டாகவோ கிராஸ் பேரிங்காகவோ இருக்கும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்க வேண்டும். மாறி நின்றால் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது, அதிரும். மற்றபடி கீழே சொல்லும் பரிசோதனைகள் அதற்கும் பொருந்தும்.

கழன்றது ஷாஃப்ட்தானா?

முதலில் லீவரைப் பாருங்கள். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்வீல் லீவரிலிருந்து ஒரு ராடு கீழே போய் கியர்பாக்ஸில் ஒரு சின்னக் கையை அசைக்கும். அந்த ராடின் முனையில் இருக்கும் ஸ்பிலிட் பின் விழுந்துவிட்டால் லீவர் மட்டும் ஆடும், உள்ளே ஒன்றும் நடக்காது. ஒரு ஆள் லீவரைப் போட்டு எடுக்க, இன்னொருவர் கீழே பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் உண்டு.

ராடு சரியாக இருந்தால் அடுத்தது ஜாக்கி. வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிடுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இந்த அளவு வண்டிகளில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான் உண்டு. ஃபோர்வீல் போட்டிருக்கும்போது முன்சக்கரமும் சேர்ந்து நிற்பது இந்த ஷாஃப்ட் வழியாகத்தான். அது கழன்றிருக்கும்போது முன்சக்கரத்தைப் பிடிக்க எதுவும் கிடையாது, நினைவிருக்கட்டும். வயலிலிருந்து வீட்டுக்கு வரும்போதும் இதே கதைதான். டிரெய்லரில் பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வராதீர்கள்.

முன் ஆக்ஸிலின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்ஸில் இரண்டு பக்கமும் ஊசலாடும். வரப்பு ஏறி இறங்க வசதியாக நடுவில் பிவோட் (அச்சு) வைத்துத்தான் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே தூக்கியதும் ஆக்ஸிலின் இரண்டு முனைக்கும் தனித்தனியாக மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து, அதன் மேல் இறக்கிவிடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும், அடியில் படுத்திருப்பது நீங்கள்.

இப்போது ஃபோர்வீல் லீவரைப் போடுங்கள். லீவர் உட்காராவிட்டால் முன்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால் உட்காரும். கூட இருப்பவர் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் மறு சக்கரத்தைச் சுற்றுங்கள். ஷாஃப்ட் சேர்ந்திருந்தால் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும். தாராளமாகச் சுற்றினால் எங்கோ கழன்றிருக்கிறது. பிடிக்காமல் விட்டால் ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றும்போது மற்றது பின்னால் சுற்றும். அது இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் இயல்பு, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

கவரைத் தள்ளிப் பார்ப்பது

அடியில் போகும் முன் குழாயைச் சுற்றியிருக்கும் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். காய்ந்த சேறு கண்ணில் விழும். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: கவரைத் திறக்கும்போது அந்த மண் நேராகப் பல்லுக்குள் போகும்.

கவரைப் பிடித்திருப்பது ஒரு போல்ட்டாகவோ கிளிப்பாகவோ இருக்கும். 10 அல்லது 12ஆம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் போதும். அதை எடுத்ததும் குழாயை முன்னாலோ பின்னாலோ தள்ளலாம். சேற்றில் ஓடிய வண்டியில் அது இறுகியிருக்கும். குழாயைச் சுத்தியால் அடித்து நசுக்கிவிடாமல், கையால் திருகித் திருகி நகர்த்துங்கள். நசுங்கிய குழாய் பிறகு கப்ளிங்கில் உரசிக்கொண்டே ஓடும்.

குழாய்க்குள்ளிருந்து ஆயில் கொட்டினால் கவனியுங்கள். அங்கே ஆயில் இருக்கக் கூடாது. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான சீல், கியர்பாக்ஸ் பக்கமோ பினியன் பக்கமோ ஒழுகுகிறது. முன் ஆக்ஸிலில் 90ஆம் நம்பர் கியர் ஆயில் ஊற்றும் வண்டி என்றால் மோந்து பார்த்தே சொல்லிவிடலாம், கந்தக நெடி அடிக்கும், கையில் கெட்டியாக ஒட்டும். இரண்டு பக்கமும் ஒரே ஆயில் ஊற்றும் வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது. துடைத்துவிட்டு எந்தப் பக்கம் மறுபடி நனைகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரிந்ததும், லீவர் போட்ட நிலையிலேயே, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பினியன் முனையிலிருந்து பின்னோக்கிப் பார்வையை ஓட்டுங்கள். பினியன் முனை சுற்றி, ஷாஃப்ட் சும்மா இருந்தால் முன் கப்ளிங். ஷாஃப்ட்டும் சுற்றி, கியர்பாக்ஸ் முனை மட்டும் நின்றால் பின்பக்கக் கப்ளிங். சக்கரம் சுற்றியும் பினியன் முனையே அசையாவிட்டால் கோளாறு ஆக்ஸிலுக்குள். எல்லாமே சேர்ந்து சுற்றி, கியர்பாக்ஸ் முனையும் சுற்றினால் கோளாறு கியர்பாக்ஸுக்குள், லீவர் அசைக்கும் இடத்தில். இந்தக் கடைசி இரண்டும் வீட்டு வேலை இல்லை. கவரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பின்னைத் தட்டி எடுக்க, லீவரை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டைச் சுற்றித் துளையை வசதியான பக்கம் கொண்டுவாருங்கள். துளையைவிட மயிரிழை சிறிய பின் பஞ்ச் வேண்டும். ஆணியை வைத்து அடித்தால் ஆணி பின்னின் பிளவுக்குள் நுழைந்து அதை விரித்துவிடும், அப்புறம் அது இந்தப் பிறவியில் வெளியே வராது. அடிக்கும்போது எதிர்ப்பக்கம் கனமான இரும்பு ஒன்றைக் கப்ளிங்கில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். துருவேறி இறுகியிருந்தால் டபிள்யூடி-40 அடித்தோ, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றியோ ஒரு ராத்திரி விடுங்கள். கேஸ் வைத்துக் காய்ச்ச வேண்டாம். பக்கத்திலேயே ரப்பர் சீல் இருக்கிறது.

பின் வெட்டுப்பட்டிருந்தால் மூன்று துண்டாக இருக்கும்: இரண்டு கப்ளிங் சுவரில், ஒன்று ஷாஃப்ட்டுக்குள். துளைகள் நேராக நின்றால் ஒரே தட்டில் மூன்றும் வெளியே வரும். நேராக நிற்காவிட்டால் கப்ளிங்கை ஷாஃப்ட் மேல் முழுவதும் தள்ளிவிட்டு, துண்டுகளைத் தனித்தனியாக எடுக்கலாம். எடுத்த எல்லாத் துண்டையும் ஒரு மூடியில் போட்டு வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்து பார்க்கப்போவது அதைத்தான்.

பின் எப்படிப் போனது?

பின் முழுசாகக் காணாமல் போயிருந்து, பல்லும் துளையும் சுத்தமாக இருந்தால் நல்ல சேதி. யாரோ முன்பு கழற்றிய பழைய பின்னையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஸ்பிரிங் பின் ஒருமுறை அடித்து எடுத்ததும் அதன் இறுக்கம் போய்விடும். அது அதிர்வில் நழுவி விழுந்ததும் கப்ளிங் நகர்ந்து ஒரு பக்கப் பல்லை விட்டு வெளியே வந்திருக்கும். புதுப் பின் போட்டால் வேலை முடிந்தது.

பின் வெட்டுப்படாமல் நெளிந்து, வளைந்து இருந்தால் பல்லில் தேய்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முன்னும் பின்னும் போகும்போது ஒவ்வொரு முறையும் கப்ளிங் கொஞ்சம் திரும்பிப் பின்னில் மோதியிருக்கிறது. வெட்டுப்பட்ட பின்னில் வெட்டு முகத்தைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் இப்போதுதான் போனது. பாதி கறுத்தும் பாதி பளபளத்தும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்து, இந்த உழவில் முடிந்திருக்கிறது. இரண்டிலுமே பல்லை நம்பக் கூடாது.

பல்லைச் சோதிக்க பெட்ரோலோ டீசலோ தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, பழைய கிரீஸை முழுவதும் எடுங்கள். புதுப் பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் மேலே கூராகி, கத்தி முனை போட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் படி விழுந்திருந்தாலும் தேய்வுதான், முன்னோக்கி ஓடும்போது எந்தப் பக்கம் சுமை விழுகிறதோ அந்தப் பக்கம் அதிகம் தேயும். அப்புறம் பின் இல்லாமல் கப்ளிங்கை ஒவ்வொரு முனையிலும் ஏற்றிக் கையால் திருகிப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் கப்ளிங்கை மாற்றுங்கள். புதுக் கப்ளிங் ஏற்றியும் ஆடினால் ஷாஃப்ட்டும் போயிற்று. பினியன் முனைப் பல் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலைத் திறந்து பினியனை மாற்ற வேண்டும், அது பட்டறை வேலை, செலவும் அதிகம்.

பல் ஏன் தேய்ந்தது? நம் பக்கத்தில் முதல் காரணம் சேறு. தொழி உழும்போது இந்தக் குழாய் முழுவதும் சேற்றுத் தண்ணீருக்குள் முங்கித்தான் ஓடுகிறது. குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து வெடித்தாலோ, போன முறை கழற்றியவர் அதைத் திரும்பப் போடாமல் விட்டாலோ, தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைக் கழுவிவிடும், மணல் பல்லுக்கு நடுவில் உட்கார்ந்து அரைக்கும். உள்ளே சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் அதுதான். ஈரமே இல்லாமல் காய்ந்த சிவப்புப் பொடி இருந்தால், கிரீஸ் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசியிருக்கிறது. பந்தல் தோட்டத்திலேயே ஓடுகிற வண்டிகளில் இதைத்தான் பார்க்கிறேன். சேறு கிடையாது என்பதால் யாரும் கவரைத் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டாவது காரணம் டயர், அதற்குக் கீழே வருகிறேன்.

வெல்டிங், போல்ட், ஆணி

“அண்ணே, ஒரு டேக் வச்சு ஒட்டிருங்களேன், அறுப்பு முடிஞ்சதும் பாத்துக்கலாம்.” கப்ளிங்கை வெல்டிங் வைத்து ஒட்டச் சொல்லி இப்படிக் கேட்காத வருஷம் இல்லை. ஒட்ட மாட்டேன். அந்தப் பல் சூட்டுப் பதம் ஏற்றிக் கடினமாக்கிய இரும்பு, வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும். விரல் நீள தூரத்தில் ஆயில் சீல் இருக்கிறது, அது கருகும். இதையெல்லாம்விட, ஆக்ஸில் ஊசலாடும்போது கப்ளிங்குக்குள் மயிரிழை அசைவு வேண்டும். ஒட்டிவிட்டால் அந்த அசைவு போய், சுமை பினியன் பேரிங்கில் இறங்கும். கடைசியில் ஒட்டிய இடத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஷாஃப்ட், கப்ளிங் இரண்டும் பழைய இரும்புக் கடைக்கு.

பின்னுக்குப் பதில் போல்ட் போடுவதும் வேண்டாம். போல்ட்டின் தலையும் நட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கவரைக் கிழிக்கும். ஆணி போட்டால் சேறு தெரியும் முன்பே வெட்டுப்படும். டிரில் பிட்டை வெட்டிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது மிகக் கடினம், ஆனால் வளையாது, சில்லுச் சில்லாக உடைந்து துளையையும் கெடுக்கும். சரியான பின் டீ வடைக் காசுக்குள் முடிகிற பொருள். கையில் நான்கைந்து வாங்கி வையுங்கள்.

வாங்கும்போது பழைய பின்னை அளக்காதீர்கள், துளையை வெர்னியரில் அளங்கள். 6 மில்லிமீட்டர் துளைக்கு 6ஆம் நம்பர் பின். சும்மா அளந்தால் அது 6ஐவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அப்படி இருந்தால்தான் இறுகி நிற்கும். நீளம் கப்ளிங்கின் வெளிவிட்டத்தைவிட ஒரு துளி குறைவாக இருக்கட்டும். புதுப் பின் கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்கினால் துளை நீள்வட்டமாகிவிட்டது, கப்ளிங்கையோ ஷாஃப்ட்டையோ மாற்ற வேண்டியதுதான். பெரிய துளை போட்டுப் பெரிய பின் அடிப்பது ஷாஃப்ட்டை அந்த இடத்தில் மெலிய வைக்கும்.

திரும்ப மாட்டுவது

சுத்தமான பல்லில் கிரீஸை விரலால் தேய்த்து ஏற்றுங்கள். மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ் இந்த இடத்துக்கு நல்லது. இல்லாவிட்டால் நல்ல லித்தியம் கிரீஸ் போதும். குழாய் முழுவதும் கிரீஸ் அடைக்க வேண்டாம், பல் நிறைந்தால் சரி.

கப்ளிங்கை ஏற்றும் முன் ஒரு சின்ன வேலை செய்துவிட்டால் பிறகு அரைமணி நேரம் மிச்சம். ஷாஃப்ட்டின் துளைக்கு நேராக, கப்ளிங் மூடாத இடம் வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். கப்ளிங்கிலும் துளைக்கு நேராக ஒரு கோடு. பல் எந்த நிலையிலும் ஏறிவிடும், ஆனால் துளை நேராக நிற்பது சரியான நிலையில் மட்டும்தான். இரண்டு கோடும் ஒன்றாக வரும்படி ஏற்றினால் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டுத் திண்டாட வேண்டியிருக்காது. கவரையும் ஓ ரிங்கையும் முன்கூட்டியே ஷாஃப்ட்டில் கோத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு கீழே கிடக்கும் கவரைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் என் பட்டறைப் பையன்களிலேயே உண்டு.

துளை நேரானதும் பஞ்ச்சை உள்ளே விட்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பின்னின் சரிவான முனையை வைத்துத் தட்டுங்கள். எதிர்ப்பக்கம் இரும்புத் தாங்கல் இப்போதும் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பின் போடும் வண்டி என்றால், வெளிப் பின்னின் பிளவும் உள் பின்னின் பிளவும் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். பின்னின் இரண்டு முனையும் கப்ளிங் மட்டத்துக்கு வரும்வரை அடியுங்கள், வெளியே துருத்தக் கூடாது.

ஓ ரிங் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். புதியதில் லேசாகக் கிரீஸ் தடவிக் கவரை மேலே தள்ளுங்கள். பேஸ்ட் போட்டு அடைத்தால் அடுத்த முறை கவரை எடுக்கக் கடப்பாரை தேவைப்படும்.

இறக்கும் முன் பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்: லீவர் போட்டு, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரம். இப்போது நிற்க வேண்டும். பிறகு லீவரை எடுத்துவிட்டுச் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், எங்கும் உரசல் சத்தம் வரக் கூடாது. வயலில் இறக்கி, லோ கியரில் ஃபோர்வீல் போட்டு மெதுவாக இழுக்கவிட்டுக் காது கொடுங்கள். ‘கடக் கடக்’ என்று வந்தால் பல் இன்னும் தாவுகிறது.

டயர் விஷயம்

நல்ல கப்ளிங், நல்ல கிரீஸ், ஓ ரிங் எல்லாம் இருந்தும் சில வண்டிகள் ஷாஃப்ட்டைத் தின்னும். அப்படிப்பட்ட வண்டியில் நான் முதலில் பார்ப்பது டயர். முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு அளவு. ஃபோர்வீல் போட்டால் முன்டயர் பின்டயரைவிடத் துளி வேகமாக ஓடும்படி கியரைக் கணக்குப் பண்ணியிருப்பார்கள். இந்த முந்தல் 1 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் நல்லது. பின்பக்கம் மட்டும் புது டயர் போட்டு, முன்பக்கம் மொட்டையாகியிருந்தால் முன்டயரின் சுற்றளவு குறைந்து, முந்தல் போய்விடும், சமயத்தில் முன்சக்கரம் பிரேக் பிடித்த மாதிரி பின்தங்கும். ஷாஃப்ட் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். எல்லா டயரிலும் காற்று சரிபார்த்துவிட்டு, முன்டயர் ஒன்றிலும் பின்டயர் ஒன்றிலும் சாக்பீஸ் அடையாளம் வையுங்கள். இளகலான மண்தரையில், ஃபோர்வீல் இல்லாமல், பின்சக்கரம் 10 சுற்றுப் போகும்வரை ஓட்டி, முன்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணுங்கள். முழுச் சுற்று போக மிச்சத்தை டயர் கட்டையை எண்ணிப் பின்னமாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபோர்வீல் போட்டு அதே 10 சுற்று. உதாரணத்துக்கு, போடாமல் 15, போட்டு 15.5 வந்தால், வித்தியாசம் 0.5, அதை 15ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 3.3 சதவீதம், கவலையில்லை. போட்டதும் போடாததும் ஒன்றாக இருந்தாலோ, போட்டபோது குறைவாக வந்தாலோ, டயரை மாற்றாமல் ஷாஃப்ட் வேலை செய்வது வீண். முன்டயர் மட்டும் புதிதாகப் போட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, முந்தல் 5 சதவீதத்தைத் தாண்டலாம். இரண்டு பக்கமும் கம்பெனி சொன்ன அளவே போடுங்கள், “இதுவும் ஏறக்குறைய அந்த சைஸ்தான்” என்று கடைக்காரர் தரும் டயரை வாங்காதீர்கள்.

அதே காரணத்துக்காகத்தான் தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஓட்டக் கூடாது என்கிறோம். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் வழுக்க வழியில்லை. வயலிலிருந்து ரோட்டில் ஏறியதும் லீவரை எடுத்துவிட வேண்டும். எடுக்க வராமல் இறுகி நின்றால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். ரிவர்ஸ் போட்டு ஒரு முழம் பின்னால் வந்தால் முறுக்கு தளர்ந்து லீவர் தானாக வரும்.

ஷாஃப்ட் கழன்ற நிலையில் வண்டியை வீடு வரை ஓட்டிவர வேண்டியிருந்தால் லீவரை எடுத்துவிட்டு நடைவேகத்தில் வாருங்கள். லீவரை எடுத்துவிட்டாலும், முன் கப்ளிங் பிடித்திருந்தால் முன்சக்கரம் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்முனை குழாய்க்குள் அடித்துக்கொண்டு வரும். தூரம் அதிகம் என்றால் இரண்டு கப்ளிங்கையும் தள்ளி ஷாஃப்ட்டை உருவி டூல் பாக்ஸில் போட்டுக்கொள்வது மேல். பினியன், கியர்பாக்ஸ் இரண்டு முனையிலும் பாலித்தீன் சுற்றிக் கட்டினால் மண் ஏறாது.

புதுப் பின் போட்டு 10 மணி நேரம் ஓடிய பிறகு கவரை ஒருமுறை தள்ளி, பின்னின் முனை கப்ளிங் மட்டத்திலேயே இருக்கிறதா, கிரீஸில் மண் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு போகத் தொழி உழவும் முடிந்து வண்டியைக் கழுவும் நாளில் பார்த்தால் போதும். பந்தலுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை.